செமஸ்டருக்குப் ‘பருவம்’ பொருந்துமா? சொல்லின் பிறப்பும் பொருளும்

கேள்வி: கல்லூரித் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தமிழ்த்துறையில் பணியாற்றுகிறேன். வரும் கல்வியாண்டுக்கான மாணவர் கையேட்டை முழுவதும் தமிழில் அச்சிடுவது என்று முடிவாகி, அதைச் செப்பம் செய்யும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. “இளங்கலைப் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகளும் ஆறு பருவங்களும் கொண்டது” என்ற முதற்பக்க வரியிலேயே விவாதம் தொடங்கிவிட்டது.

வணிகவியல் துறை நண்பர் ஒருவர், செமஸ்டர் என்பது ‘பாதி’ என்று பொருள்படும் ‘செமி’ என்பதிலிருந்து வந்தது என்றும், ஆகவே ‘அரையாண்டு’ என்பதே சரியான தமிழாக்கம் என்றும் சொல்கிறார். எங்கள் கல்லூரியில் ஒற்றைப்படைப் பருவம் ஜூன் மாதம் தொடங்கி நவம்பர்த் தேர்வோடு முடிகிறது. இரட்டைப்படைப் பருவமோ டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடுகிறது. ஐந்து மாதம்கூட நிறையாத ஒன்றை அரையாண்டு என்று அச்சிட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், கார்காலம், இளமை, மழை ஆகியவற்றோடு சேர்த்தே நாம் வழங்கிவரும் பருவம் என்ற சொல்லைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதிக்கு வைப்பது முறைதானா என்ற ஐயமும் எழுகிறது. போதாக்குறைக்கு, முதுகலை மாணவி ஒருவர் “பருவம் என்பதே பர்வம் என்ற வடசொல்தானே அம்மா” என்று வகுப்பில் கேட்டார். அவருக்குப் பாதி விடைதான் சொன்னேன். மீதியைத் தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

செமஸ்டர் என்ற சொல்லின் உண்மையான பிறப்பு எது, பருவம் என்ற சொல்லின் வேரும் பொருள்களும் யாவை, இரண்டையும் இணைப்பது தகுமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் கையேட்டுக்கும் அந்த மாணவிக்கும் ஒருசேர உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: அகராதிப் பணியில் இருந்தவர்

அம்மையீர், வணக்கம். தங்கள் நண்பர் சொல்வதில் ஒலி ஒற்றுமை இருக்கிறது, வேர் இல்லை. செமஸ்டர் என்பது இலத்தீனில் ‘ஆறு மாதத்துக்குரிய’ என்று பொருள்படும் ‘செமெஸ்ட்ரிஸ்’ என்ற பெயரடையிலிருந்து வந்தது. அதன் முற்பகுதி ஆறு என்னும் எண்ணைக் குறிக்கும் ‘செக்ஸ்’. பிற்பகுதி மாதத்தைக் குறிக்கும் ‘மென்சிஸ்’. பாதியைக் குறிக்கும் ‘செமி’க்கு இதில் இடமில்லை. ஆறு மாதம் என்பது ஓராண்டின் பாதியாக அமைந்துவிட்டதால்தான் இந்தக் குழப்பம் ஏற்படுகிறது. மகப்பேறு மருத்துவத்தில் வழங்கும் ‘டிரைமெஸ்டர்’ என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் நீங்கும். அது மூன்று மாதம், இது ஆறு மாதம். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வழங்கிய இச்சொல் 19ஆம் நூற்றாண்டில் அவ்வழியாகவே ஆங்கிலத்துக்கு வந்தது.

இதில் இன்னொன்றையும் மாணவிக்குச் சொல்லலாம். இலத்தீன் ‘மென்சிஸ்’, வடமொழி ‘மாச’ ஆகிய இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை. அந்த மூலம் நிலவோடு தொடர்புடையது. நம் மாதம் என்ற சொல் அந்த வடமொழிச் சொல்லின் வழி வந்தது. திங்கள் என்ற நம்முடைய சொல்லோ முற்றிலும் வேறான வேரிலிருந்து பிறந்தும், நிலவையும் மாதத்தையும் ஒன்றாகவே குறிக்கிறது. வானத்தைப் பார்த்து நாள் எண்ணியவர்கள் எந்த மொழி பேசினாலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனிப் பருவத்துக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இச்சொல்லை வடமொழிப் ‘பர்வன்’ என்பதோடு இணைக்கிறது. வடமொழியில் அதன் அடிப்படைப் பொருள் கணு என்பதுதான். மூங்கிலிலும் கரும்பிலும் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. அதிலிருந்து பகுதி, பிரிவு என்ற பொருள்கள் வளர்ந்தன. பாரதக் கதையின் பதினெட்டுப் பிரிவுகளும் பர்வங்கள் எனப்பட்டன. காலத்தின் கணுக்களாகிய அமாவாசையும் பௌர்ணமியும் அப்பெயரைப் பெற்றன. மலையைக் குறிக்கும் பர்வதம்கூட, கணுக்கணுவாக எழுந்து நிற்பது என்ற கருத்தில் அதே சொல்லிலிருந்து பிறந்ததே.

பர்வம் எவ்வாறு பருவம் ஆயிற்று என்று மாணவி கேட்டால், தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் “ரகார ழகாரம் குற்றொற்று ஆகா” என்ற விதியைக் காட்டுங்கள். தனிக்குறிலை அடுத்து ரகர மெய் நிற்பதைத் தமிழ் ஏற்பதில்லை. இடையில் ஓர் உகரத்தைத் தந்துவிடுகிறது. தர்மம் தருமமாகவும், கர்மம் கருமமாகவும், சர்க்கம் சருக்கமாகவும், பர்வதம் பருவதமாகவும் ஆனது அப்படித்தான்.

பருத்தல் என்ற தமிழ் வினையின் அடியாகிய ‘பரு’ என்பதிலிருந்தே பருவம் பிறந்தது என்று கொள்வோரும் உண்டு. உடல் பருத்து முதிரும் காலம், காய் பருத்துக் கனியும் காலம் என்பதிலிருந்து பொதுவான காலத்துக்கு அச்சொல் விரிந்தது என்பது அவர்கள் வாதம். முதிர்ச்சி, பக்குவம் என்ற பொருள்கள் தமிழ்ப் பருவத்தில் ஓங்கி நிற்பதற்கு இந்த வழியே இயல்பான விளக்கம் தருகிறது. ஒலி மாற்றத்தின் ஒழுங்கையும் பாரதப் பிரிவுகளுக்குப் பருவம் என்ற பெயர் தமிழில் வழங்குவதையும் கருதி, நான் பேரகராதியின் பக்கமே நிற்கிறேன். ஆயினும், பொங்கலுக்கு வாங்கிய கரும்பு ஒன்றைக் கையில் எடுத்து விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இறங்கும் விரல் கணு வந்ததும் தடுக்கும். கரும்பு பருத்திருக்கும் இடமும் அதுவே, அடுத்த முளை கண் விட்டிருக்கும் இடமும் அதுவே. வந்த சொல்லைத் தமிழர் முதிர்ச்சியோடு சேர்த்துக் கேட்டதற்குத் தம்மிடம் இருந்த ‘பரு’வும் துணை நின்றிருக்கும் என்று கருதுகிறேன்.

எந்த வழியில் வந்திருந்தாலும் இச்சொல் தமிழில் மிகப் பழையது. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், காலமல்லாக் காலத்தில் பெய்த வம்ப மாரியைக் கார்காலத்து மழை என்று எண்ணிக் கொன்றை மரங்கள் பூத்துவிடுகின்றன. தலைவன் சொல்லிச் சென்ற “பருவம் வாரா அளவை” அவை அறியாமல் பூத்தன என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். இங்கே பருவம் என்பது வெறும் மழைக்காலம் அன்று. திரும்பி வருவேன் என்று ஒருவன் குறித்துச் சென்ற காலம். மழை பெய்தும் பருவம் வரவில்லை என்று சொல்ல முடிகிறது. குறளிலும் காலமறிதல் அதிகாரத்தில் “பருவத்தோடு ஒட்ட ஒழுகல்” என்று வரும்போது, ஒரு செயலுக்கு உரிய காலம் என்ற பொருளே நிற்கிறது. ஆகவே, குறித்த தொடக்கமும் குறித்த முடிவும் உள்ள ஒரு காலப்பகுதிக்குப் பருவம் என்று பெயரிடுவது அச்சொல்லின் பழம்பொருளுக்கு மாறானதன்று.

இலக்கணத்தில் ஆண்டின் ஆறு கூறுகளுக்குப் ‘பெரும்பொழுது’ என்ற பெயர் உண்டு என்பது தாங்கள் அறிந்ததே. ஆவணியும் புரட்டாசியும் கார் எனத் தொடங்கி ஆனியும் ஆடியும் முதுவேனில் என முடியும் அந்தப் பகுப்பில் ஒவ்வொன்றும் இரண்டு மாதம். பிள்ளைத்தமிழில் காப்பு முதலான பத்துப் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் குழந்தையின் மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை வைத்துச் சொல்லும். பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவங்களோ ஆண்டுக்கணக்கில் செல்பவை. ஒரே சொல் இரண்டு மாதத்துக்கும் பல ஆண்டுக்கும் இடம் கொடுத்திருக்கும்போது ஐந்து மாதத்துக்கு இடம் கொடுக்காதா?

மறுமொழி 2: ஜெர்மனியில் வசிப்பவர்

முன்னவர் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களைக் குறிப்பிட்டதால் இங்குள்ள வழக்கத்தைச் சொல்கிறேன். இங்கே செமஸ்டர் என்பது இன்றும் ஏட்டளவில் ஆறு மாதம்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரையும், கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையும் நீளும். வகுப்புகள் அதற்குள் பதினான்கு, பதினைந்து வாரங்களே நடக்கும். மீதி நாட்களுக்கு ‘விரிவுரையில்லாக் காலம்’ என்று பெயர். விடுமுறை என்று அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் தேர்வுகளும் கட்டுரைகளும் அந்த நாட்களில்தான் குவியும். செமஸ்டர் என்பது அந்த ஆறு மாதம் முழுவதற்கும் உரிய பெயர் என்பதால் மாணவர் அட்டையும் அதனோடு வரும் பேருந்துச் சலுகையும் வகுப்பில்லாத வாரங்களிலும் செல்லும்.

இத்தாலியில் குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தின் கடைசி ஆறு மாதங்களை ‘வெள்ளை செமஸ்த்ரே’ என்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர் நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கூடாது என்பது பொது விதி. அங்கே அச்சொல்லுக்கும் கல்லூரிக்கும் தொடர்பே இல்லை, எண் மட்டும் அப்படியே இருக்கிறது. சுவீடனில் இதற்கு நேர்மாறு. அங்கே ‘செமெஸ்தெர்’ என்றால் ஊழியருக்குரிய ஊதியத்துடன் கூடிய விடுமுறை. கல்லூரியின் காலப்பகுதிக்கு வேறு சொல் இருக்கிறது. சுவீடனில் இருக்கும் என் அத்தை மகள் தொலைபேசியில் “அடுத்த வாரம் முதல் எனக்குச் செமெஸ்தெர்” என்று சொன்னபோது, மேற்படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்று எண்ணி நான் வாழ்த்துத் தெரிவித்தேன்.

ஆறு மாதம் என்று எண்ணிச் சொன்ன ஒரு சொல், போன நாடுகளில் சில இடத்தில் ஆறையும் சில இடத்தில் மாதத்தையும் இழந்திருக்கிறது. ஆகையால் அதன் எண்ணைத் தமிழுக்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை என்பது என் கருத்து.

மறுமொழி 3: திருவாரூர்ப் பகுதி விவசாயி

ஆசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் தமிழ் படித்தவன் அல்லன். பருவம் என்ற சொல்லை நாள்தோறும் புழங்குகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பருவத்தை மழையோடும் இளமையோடும் மட்டுமே நாம் வழங்குவதாகத் தாங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வயலில் பருவம் இரண்டு அளவில் வழங்குகிறது. ஒன்று, சாகுபடிக் காலம் முழுவதையும் குறிப்பது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்தால் குறுவைப் பருவம். குறுமை என்பதிலிருந்தே அந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும் குறுகிய வயது ரகங்களை அதில் போடுகிறோம். ஆடி, ஆவணியில் விதைத்துத் தைப் பொங்கலை ஒட்டி அறுப்பது சம்பா. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது அதே வயலில் மறுபடி நடுவது தாளடி. இம்மூன்றும் மாதக் கணக்கில் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒன்று முடியாமலேயே பக்கத்து வயலில் அடுத்தது தொடங்கியிருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பருவம்தான். விதைக்கும் நேரத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘பட்டம்’ என்போம். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதில் வருவது அது.

மற்றொன்று, அந்தப் பயிர் வளரும் படிநிலைகள். நாற்றுப் பருவம், தூர் கட்டும் பருவம், பொதிப் பருவம், பூக்கும் பருவம், பால் பிடிக்கும் பருவம் என்று அவை வரிசையாக வரும். பொதிப் பருவத்தில் பயிரின் தண்டைத் தடவினால் உள்ளே கதிர் உருண்டு திரண்டிருப்பது விரலுக்குத் தெரியும். பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளைப் பால் கசியும். நான்கைந்து நாள் கழித்து அழுத்தினால் மாவாகப் பிதுங்கும். எந்தப் பருவம் என்று தெரிந்துதான் தண்ணீர் கட்டுவதும் உரம் இடுவதும் நடக்கும். பொதியில் தண்ணீர் காய்ந்தால் பின்னால் எத்தனை மடை திறந்தாலும் பதராகிப் போனது போனதுதான்.

முதலாமவர் கரும்புக் கணுவைச் சொன்னார். நெல்லிலும் அது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கணு விடும்போதும் பயிர் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகிறது. மூன்று வருடப் படிப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பாடம் உண்டு, அதை அந்தக் கட்டத்திலேயே முடித்தாக வேண்டும் என்றால், அதற்குப் பருவம் என்பதை விடப் பொருத்தமான சொல் எங்களிடம் கிடையாது. என் மகள் கல்லூரியில் இரண்டாம் பருவம் படிக்கிறாள். வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்கு அது அயலாகத் தோன்றியதில்லை.

மறுமொழி 4: கிளிநொச்சியிலிருந்து

வணக்கம். இலங்கையில் நாங்கள் இதே தேவைக்கு வேறு சொற்களை வைத்திருக்கிறோம். பாடசாலையின் கல்வியாண்டை மூன்றாகப் பிரித்து முதலாம் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்கிறோம். ஒவ்வொன்றின் முடிவிலும் தவணைப் பரீட்சை. தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டால் கடன் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம் என்று எண்ணிக்கொள்வார்கள். சொல்லின் உட்பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றே: குறித்து வைத்த காலக்கெடு. நீங்கள் அதைப் பணத்துக்கு வைத்தீர்கள், நாங்கள் படிப்புக்கும் வைத்தோம்.

வயலிலே நாங்கள் போகம் என்போம். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையை நம்பி ஆண்டின் பிற்பகுதியில் விதைத்து மாசி, பங்குனி அளவில் அறுவடை முடிவது பெரும்போகம். வன்னியிலே காலபோகம் என்பார்கள். குளத்து நீரைக் கொண்டு அதன்பின் செய்வது சிறுபோகம். இரணைமடுக் குளத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்தே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். போகம் என்பது வடமொழியில் நுகர்ச்சி, பயன் என்ற பொருளுடைய சொல். விளைச்சலைக் குறித்து, பின்பு அந்த விளைச்சலுக்கான மாதங்களையே குறித்து நின்றுவிட்டது. “இரண்டு போகமாக மழை இல்லை” என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால் அவர் காலத்தைத்தான் சொல்கிறார்.

பருவம் எங்களிடமும் இருக்கிறது. மழைக்கும் காற்றுக்கும் பருவப்பெயர்ச்சி என்கிறோம். நீங்கள் பருவமழை என்பதை விட ஓர் அசைவு கூடுதலாகச் சொல்லுகிற பெயர் அது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்து ‘மான்சூன்’ என்ற சொல்லும் காலத்தைக் குறிக்கும் ‘மௌசிம்’ என்ற அரபுச் சொல் போர்த்துக்கீசியர் வாய்வழியே திரிந்து வந்தது. ஆகவே மழையைக் காலத்தின் பெயரால் அழைத்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். புகையிரதத்துக்கு மாதக் கணக்கில் எடுக்கும் அனுமதிச் சீட்டையும் பருவகாலச் சீட்டு என்பது எங்கள் வழக்கு.

ஒரேயொரு வேண்டுகோள்: ‘அரையாண்டு’ என்று மட்டும் அச்சிட்டு விடாதீர்கள். உங்கள் பள்ளிகளில் டிசம்பரில் நடப்பது அரையாண்டுத் தேர்வு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்கு அந்தச் சொல் ஆண்டின் நடுவில் வரும் ஒரு தேர்வையே நினைவூட்டும். முழுதாகத் தொடங்கி முழுதாக முடியும் ஒரு படிப்புக் காலம் அதற்குள் தெரியாது.

மறுமொழி 5: கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் என் நன்றி. கிளிநொச்சி நண்பர் குறிப்பிட்டது எங்கள் துறைக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றாத காரணம். வணிகவியல் நண்பரும் அதைக் கேட்டதும் அரையாண்டைக் கைவிட்டார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டில் வந்த முப்பருவ முறையில் முதல் பருவப் புத்தகம், இரண்டாம் பருவப் புத்தகம் என்று படித்துவிட்டு வந்தவர்களே இன்று எங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார்.

திருவாரூர் ஐயா, தங்கள் மறுமொழியை நேற்று வகுப்பில் முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். வடசொல் பற்றிக் கேட்ட அதே மாணவி எழுந்து, “பருவமடைதல், ருதுவாதல் என்று இரண்டு வழக்கும் இருக்கின்றனவே, ருது என்பதும் இரண்டு மாதக் காலப்பகுதியின் பெயர்தானே” என்றார். வடமொழியிலும் ருது என்பது ஆண்டின் ஆறு பிரிவுகளில் ஒன்றையும் பெண்ணின் மாதாந்தரக் காலத்தையும் ஒருசேரக் குறிப்பதைச் சொல்லி, வகுப்பு நேரம் முடியும் வரை அதைப் பற்றியே பேசினோம். இதை நான் கேள்வியில் எழுதாமல் விட்டது என் குறையே.

கையேட்டின் வரி இப்போது இவ்வாறு அமைந்திருக்கிறது: “இளங்கலைப் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகளும் ஆறு பருவங்களும் கொண்டது, ஒற்றைப்படைப் பருவங்கள் ஜூன் முதல் நவம்பர் வரையும், இரட்டைப்படைப் பருவங்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும் நடைபெறும்.” திங்கட்கிழமை அச்சகத்துக்குச் செல்கிறது. பிழை ஏதேனும் தென்பட்டால் அதற்கு முன் தெரிவியுங்கள்.